சர்வரில் புதிய சான்றிதழ் இருக்கிறது, உலாவி மட்டும் காலாவதி என்கிறது: உதவி தேவை

மஞ்சள்காடு:
வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஓர் உழவர் குழுவின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மஞ்சள் ஏல விலையை அன்றன்று அதில் ஏற்றுவோம். இன்று காலை ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, உங்கள் பக்கத்தைத் திறந்தால் சிவப்பு முக்கோணம் வருகிறது. என் போனில் வைரஸ் புகுந்துவிட்டதா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், தளத்தின் சான்றிதழ் (தளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி) நேற்று இரவே காலாவதியாகிவிட்டது.

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பினுடையதுதான், செர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பிக்கிறது. சர்வரில் புதிய கோப்பு இருக்கிறது. அதன் தேதி ஒரு மாதத்துக்கு முந்தையது, இன்னும் 60 நாள் ஆயுள் மிச்சம். புதுப்பிக்க எதுவும் இல்லை என்று செர்ட்பாட்டும் சொல்கிறது. மூன்று போன்களில் திறந்து பார்த்துவிட்டேன், மூன்றிலும் பழையதே வருகிறது. ஓராண்டாக ஒரு சிக்கலும் வந்ததில்லை. காலாவதிக்கு முன் நினைவூட்டல் மின்னஞ்சல் வரும் என்று நம்பியிருந்தேன், அதுவும் வரவில்லை. சர்வரின் இயங்குதளம் உபுண்டு, பக்கங்களை அனுப்பும் மென்பொருள் என்ஜின்எக்ஸ். குழுவின் மின்னஞ்சலும் இதே சர்வரில்தான்.

அவசரத்துக்கு, போனில் தேதியை இரண்டு நாள் பின்னால் வைத்துப் பார்க்கும்படி உழவர்களிடம் சொல்லலாமா?

நொய்யல்:
தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெரியவர் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதே போனில்தான். எச்சரிக்கையைத் தாண்டிப் போக நாமே பழக்கிவிட்டால், நாளை ஒரு போலித் தளத்தின் முன் அவர் தயங்க மாட்டார். இன்று அவர் பயந்து போன் செய்தது நல்லது.

என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது சான்றிதழைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு வட்டில் கோப்பு மாறினாலும் அதற்குத் தெரியாது, ரீலோடு செய்தால்தான், அதாவது மறுபடி படிக்க வைத்தால்தான், புதியதை எடுக்கும். சர்வரைக் கடைசியாக எப்போது மறுதொடக்கம் செய்தீர்கள்? செர்ட்பாட் ஓடுவது என்ஜின்எக்ஸை நேரடியாகக் கையாளும் பிளகின் வழியாகவா, தளத்தின் கோப்புறையில் சோதனைக் கோப்பை மட்டும் வைக்கும் வெப்ரூட் முறையிலா?

மஞ்சள்காடு:
வெப்ரூட். மறுதொடக்கம் செய்து 76 நாள் ஆகிறது. மாதம் ஒருமுறை தவறாமல் செய்வேன். அறுவடை வேலையில் இரண்டு முறை விட்டுப்போயிற்று.

நொய்யல்:
அப்படியானால் கணக்கு சரியாக வருகிறது. 90 நாள் சான்றிதழில் 30 நாள் மிச்சம் இருக்கும்போது செர்ட்பாட் புதுப்பித்துவிடும். பிளகின் வழி என்றால் ரீலோடும் சேர்ந்தே நடக்கும், வெப்ரூட்டில் நடக்காது. இத்தனை நாள் உங்களைக் காப்பாற்றியது அந்த மாதாந்திர மறுதொடக்கம்.

முதலில் அமைப்புக் கோப்பில் பிழை இல்லை என்று சோதித்துவிட்டு ரீலோடு செய்யுங்கள். பிறகு செர்ட்பாட்டின் ரினியூவல்-ஹூக்ஸ் கோப்புறைக்குள் டிப்ளாய் என்று ஒன்று இருக்கும். அதில் ரீலோடு கட்டளை உள்ள சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது புதுப்பித்ததும் தானாக ஓடும் ஹூக்கை, வையுங்கள், இயக்கும் அனுமதி கொடுக்க மறக்க வேண்டாம். சோதனை ஓட்டத்தில் இந்த ஹூக் வழக்கமாக இயங்காது, கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நினைவூட்டல் மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூன் 4-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அது இருந்திருந்தாலும் உங்களுக்கு வந்திருக்காது. அதே பெயர்களுக்குப் புதிய சான்றிதழ் வாங்கியாயிற்றே, அவர்கள் பார்வையில் உங்கள் வேலை முடிந்துவிட்டது.

கரிசல்:
ஒரு வார்த்தை. கோப்பின் தேதியை நம்பாதீர்கள். வெளியிலிருந்து வருபவருக்கு எந்தச் சான்றிதழ் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் கண்காணிக்க வேண்டும். வேறொரு கணினியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி வழியாக 443-ஆம் போர்ட்டில் (பாதுகாப்பான இணையதளங்களுக்கான வாயில்) இணைந்து காலாவதித் தேதியைக் கேளுங்கள். தளத்தின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே சர்வரில் பல தளங்கள் இருந்தால், பெயர் சொல்லாதபோது வேறொன்றின் சான்றிதழ் வந்து ஏமாற்றிவிடும். 14 நாளுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். 30 நாளிலேயே மாறியிருக்க வேண்டியது 14 நாள் வரை மாறவில்லை என்றால் எங்கோ உடைந்திருக்கிறது.

நான் இதற்கு அப்டைம் கூமா என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்திருக்கிறேன், வீட்டிலுள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடுகிறது. அதே சர்வரில் வைத்தால் சர்வர் விழும்போது காவலும் சேர்ந்து விழும். எச்சரிக்கையையும் அந்தச் சர்வரின் மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள், டெலிகிராமுக்கு அனுப்புங்கள்.

விலை கொடுத்துச் சான்றிதழ் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். நாட்காட்டியில் குறித்து வைத்துக் கையால் மாற்றுவது இனிக் கட்டுப்படியாகாது.

மின்னஞ்சலும் அதே சர்வரில் என்றீர்களே, மின்னஞ்சலை இறக்கும் 993-ஆம் போர்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

மஞ்சள்காடு:
ரீலோடு செய்த உடனே தளம் சரியாகிவிட்டது. வெளியிலிருந்து கிடைத்த சான்றிதழின் வரிசை எண்ணைக் கோப்பில் உள்ளதோடு ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்றே.

கரிசல் ஐயா, நீங்கள் சொன்னது பலித்தது. 993-இல் இன்னமும் பழைய சான்றிதழ் வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அலுவலகக் கணினியில் மின்னஞ்சல் இறங்காததற்கு இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மின்னஞ்சல் மென்பொருளான டவ்காட்டையும் ரீலோடு செய்து, ஹூக்கில் இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

பெரியவரைத் திரும்ப அழைத்து, கோளாறு எங்களுடையது, அவர் போனில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். லைனில் இருந்தபடியே பக்கத்தைத் திறந்து விரலி மஞ்சள் விலையைப் படித்துக் காட்டினார். கூமாவை இன்று இரவு வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பில் நிறுவுகிறேன்.