குண்டுக்கரிச்சானின் பாட்டைப் படத்தில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக்கு வரும் கறுப்பு வெள்ளைப் பாடும் பறவையான குண்டுக்கரிச்சானையும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டையும் இரண்டு ஆண்டுகளாக, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸில் படமெடுத்து வருகிறேன். இறகின் இழைகளை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குப் படங்கள் துல்லியமாக இருந்தும், பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டினால், இனத்தை அடையாளம் காட்டுவதற்காக எடுத்தவை போலவே தெரிகின்றன. விடியற்காலையில் முருங்கையின் உச்சிக்கிளையில் நின்று கரிச்சான் பாடும்போது மனம் நிறைகிறதே, அந்த நிறைவு படத்தில் துளியும் இல்லை. நான் எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1:
பறவை படம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். 300 மி.மீ. அளவுக்கு இறங்கி, கிளைக்கும் வானத்துக்கும் இடம் கொடுங்கள். வெளிறிய வானத்தின் முன் ஆண் கரிச்சானின் வெள்ளை வயிறு கரைந்துபோகும். ஆகவே, தொலைவில் நிழலடர்ந்த மரம் ஒன்று அதன் பின்னால் வரும்படி நாலடி நகர்ந்து நில்லுங்கள். பாடும்போது தொண்டை புடைத்து, அலகு விரியும் கணம் மிகச் சிறியது என்றாலும், அது ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும் பறவை என்பதால் பொறுமை வீண்போகாது. காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணனின் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களையும் பாருங்கள். இந்தப் பறவைக்கு வண்ணம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

மறுமொழி 2:
கரிச்சானுக்குக் கறுப்பு வெள்ளை பொருந்தும், தேன்சிட்டுக்குப் பொருந்தாது. அதன் தொண்டையின் மினுமினுப்பு நிறமியால் மட்டும் வருவதன்று, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. எனவே கோணம் சற்று மாறினாலும் அவ்விடம் கருத்துவிடும். காலை வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். அமெரிக்கரான எலியட் போர்ட்டர் பாடும் பறவைகளை வண்ணத்தில் எடுத்த படங்களை, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1943இலேயே காட்சிக்கு வைத்தது. அவர் பெரும்பாலும் கூட்டருகே ஒளிவிளக்கு வைத்தே எடுத்தார்.

மறுமொழி 3:
போர்ட்டரின் வண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் கூட்டருகே செல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன், சிலந்தி நூலால் பின்னித் தொங்கவிட்ட தேன்சிட்டுக் கூடு நன்றாகத் தெரியட்டும் என்று நான் இரண்டே இலைகளை ஒதுக்கிக் கட்டினேன். மறுநாள், கூடுகளைச் சூறையாடும் செம்போத்து வந்தது. கூட்டின் அடிப்பகுதி கிழிந்து தொங்கியது. அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இதற்கு இணையானதே. எதிரி ஆண் வந்துவிட்டதாக எண்ணிப் பாடும் பறவையின் உடல் விறைத்திருக்கும். பழகிய கண்ணுக்கு அது படத்திலும் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஒன்பது நாள் காலையில் அசையாமல் உட்கார்ந்தேன். நேற்று அச்சிட்ட படத்தில் கரிச்சான் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. பின்னால் அயல்வீட்டு மாமரத்தின் இருட்டு, கிளை நுனியில் முருங்கைப்பூக் கொத்து ஒன்று. என் மனைவி அதைப் பார்த்தவுடன், "பாடுகிறதே!" என்றார்.