கே2-வுக்கு மட்டும் ஏன் நம்பர் பேர்?

மலைப்பித்தன்:
காரகோரம் மலைத்தொடர் வரைபடத்தை விரிச்சு வச்சு உட்கார்ந்திருக்கேன். மாஷெர்ப்ரும், காஷெர்ப்ரும்னு வாயில நுழையாட்டியும் சிகரங்களுக்கு ஆளுக்கொரு பேர் இருக்கு. 8,611 மீட்டர் உயரமான ராஜாவுக்கு மட்டும் வெறும் கே2-வா? அப்புறம், இதுவும் இமயமலைதானே?

தியோடலைட்:
1856-ல சர்வேயர் மாண்ட்கோமரி காஷ்மீரில் ஹரமுக் மலையேறி, 200 கிலோமீட்டருக்கு அப்பால் தெரிஞ்ச ரெண்டு சிகரங்களைக் குறிச்சார். காரகோரத்துக்கு 'கே', வரிசைப்படி 1, 2. அவ்வளவுதான், உயரக் கணக்கெல்லாம் இல்லை. கே1-க்கு உள்ளூர்ல மாஷெர்ப்ரும்னு பேர் இருந்தது, அதுவே நிலைச்சது. கே3, கே4, கே5 மூணும் காஷெர்ப்ரும் கூட்டத்துல சேர்ந்துடுச்சு. கே2, போற வழியில கடைசி ஊரான அஸ்கோலேயில இருந்து கண்ணுக்கே தெரியாது. பால்டோரோ பனியாற்று மேல நாள்கணக்கா நடந்து பனியாறுகள் கூடுற கான்கார்டியா போனாத்தான் முழு தரிசனம். பார்க்காத மலைக்கு யாருங்க பேர் வைப்பாங்க?

பழைய அட்லஸ்:
சில அட்லஸ்ல 'காட்வின் ஆஸ்டின்'னு போட்டிருக்கும். அவர் இன்னொரு சர்வேயர், அவர் பேரை வைக்கப் பார்த்தாங்க, லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி ஒத்துக்கலை. மலையடிவாரப் பனியாறு மட்டும் அவர் பேர்ல இருக்கு. நல்லவேளை!

தியோடலைட்:
ரெண்டாவது கேள்வியை விட்டுட்டேனே. இமயமலை இல்லைங்க, தனித் தொடர். சிந்து, ஷயோக் ஆறுகள் நடுவுல ஓடிப் பிரிக்குது. சியாச்சினும் காரகோரத்துலதான் இருக்கு.