எச்-1பி லேஆஃப்: 60 நாளை எங்கிருந்து எண்ணுவது? பி-2 போடலாமா? ஐ-140 என்ன ஆகும்?

தாழைமடல் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் எச்-1பி-யில் (கம்பெனி மூலம் கிடைக்கும் வேலை விசா) இருக்கும்போது லேஆஃப், அதாவது ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. விவரங்கள்:

கடைசியாக வேலை பார்த்தது பிப்ரவரி 27. லேப்டாப், லாகின் எல்லாம் அன்றே வாங்கிவிட்டார்கள். ஆனால் கடிதத்தில் பணி முடியும் நாள் மார்ச் 13 என்று இருக்கிறது. அதுவரை வழக்கமான சம்பளம் வரும். அதற்குமேல் 8 வாரச் சம்பளம் செவரன்ஸாக (பணிநீக்கத்துக்கான ஈட்டுத்தொகை) மொத்தமாக. ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த பதிவு) செப்டம்பர் 30 வரை. ஆறு வருட வரம்பு முடிந்து, ஐ-140-ஐ (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) வைத்து நீட்டித்த எச்-1பி. ஐ-140 அப்ரூவ் ஆகி 14 மாதம், இபி-2 (கிரீன் கார்டு வரிசையில் ஒரு பிரிவு), இந்தியா. மனைவியும் மகனும் எச்-4 (எச்-1பி குடும்பத்தினருக்கான விசா).

வேலை போனபின் தங்கக் கிடைக்கும் 60 நாள் எந்தத் தேதியிலிருந்து? செவரன்ஸ் வாரங்கள் முடிந்த பிறகுதான் தொடங்கும் என்று சிலர் சொல்கிறார்கள், சரியா? அதற்குள் வேலை அமையாவிட்டால் பி-2-வுக்கு (சுற்றுலாப் பயணி நிலை) விண்ணப்பம் போட்டுவிட்டுத் தொடர்ந்து தேடலாமா? பழைய கம்பெனி ஐ-140-ஐ வாபஸ் வாங்கினால் பிரையாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் தேதி) போய்விடுமா?

ஏரிக்கரை

செவரன்ஸ் கணக்கிலேயே வராது. அதை நம்பி நாளைத் தள்ளாதீர்கள்.

வேலை முடிந்ததற்கு மறுநாள்தான் முதல் நாள். வேலை முடிந்த நாள் எது என்பதற்கு யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) பொதுவாகப் பார்ப்பது, எந்த நாள் வரைக்கும் சம்பளம் கணக்கிடப்பட்டது என்பதை. பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை அல்ல. அந்த அளவில் உங்களுக்கு மார்ச் 14 முதல் நாள், மே 12 அறுபதாவது நாள்.

சிக்கல் இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது. பிப்ரவரி 27-க்குப் பிறகு நீங்கள் பேரோலில் இருக்கிறீர்கள், வேலை செய்யவில்லை. வேலை தராமல் சம்பளம் மட்டும் கொடுத்த காலத்தை எச்-1பி வேலையாக ஏற்பதா என்பதில் அதிகாரி வேறு மாதிரி முடிவெடுக்க இடமிருக்கிறது. அதனால் இரண்டு தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 28-இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 28. உங்கள் வேலைகளையெல்லாம் ஏப்ரல் 28-க்குத் திட்டமிடுங்கள். மே 12 கையிருப்பாக இருக்கட்டும்.

2017 ஜனவரி 17-இல் நடைமுறைக்கு வந்த விதி இது. அதன் வாசகத்தில் மூன்று விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. 60 நாள் *வரை* என்பதுதான் விதி. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதியோடு சரி. (உங்களுக்குச் செப்டம்பர் என்பதால் இது இடிக்காது.) ஒரு அனுமதிக் காலத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். தருவதும் குறைப்பதும் அதிகாரியின் விருப்புரிமை. இந்த நாட்களில் சம்பளத்துக்கு எந்த வேலையும் கூடாது. வெளிநாட்டு கம்பெனிக்கு வீட்டிலிருந்து செய்து தருகிறேன் என்பதும் கூடாது. அப்படிச் செய்தால் டிரான்ஸ்ஃபருக்கான (எச்-1பி-யோடு கம்பெனி மாறுவதற்கான) தகுதியே போய்விடும், ஏனென்றால் கடைசியாக உள்ளே வந்ததிலிருந்து அனுமதியில்லாத வேலை செய்யாதிருப்பது அதற்கு ஒரு நிபந்தனை.

இனி பின்னாலிருந்து எண்ணுங்கள். கெடு தேதிக்குள் புதிய கம்பெனியின் ஐ-129 (எச்-1பி பெட்டிஷன்) யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூரியரில் போட்ட தேதி உதவாது. பெட்டிஷனுக்கு முன் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ (சம்பளம், பணி நிலை பற்றிய சான்று) வாங்க வேண்டும். அதற்கு 7 வேலை நாள், பணம் கட்டி அவசரப்படுத்த வழியில்லை. இதுவரை எல்சிஏ போடாத சிறிய கம்பெனியாக இருந்தால் அவர்களுடைய வரி எண்ணைச் சரிபார்க்கவே கூடுதலாகச் சில நாள் ஓடும். வக்கீல் ஆவணம் சேர்க்க நான்கைந்து நாள், கூரியர் இரண்டு நாள். ஆக, ஏப்ரல் 28 கெடு என்றால் ஏப்ரல் 9 வாக்கில் கையெழுத்தான ஆஃபர் கையில் இருக்க வேண்டும். ஆஃபர் வந்த பிறகு ஆவணம் தேடாதீர்கள். பாஸ்போர்ட், ஐ-94, இதுவரை வந்த எல்லா ஐ-797 (யுஎஸ்சிஐஎஸ் அறிவிப்புகள்), கடைசி மூன்று பே ஸ்டப், டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிச் சான்று), பட்டச் சான்றிதழும் அதன் மதிப்பீடும், பணிநீக்கக் கடிதம், மூவரின் விசா பக்கங்கள் என்று ஒரே பிடிஎஃப் தொகுப்பாக இன்றே செய்து வையுங்கள். மனைவி, மகனுக்கு ஐ-539 (தங்கலை நீட்டிக்கவோ நிலையை மாற்றவோ போடும் விண்ணப்பம்) தனியாகப் போக வேண்டும். எச்-1பி-யோடு தானாக நீளாது. இதைப் பாதிப் பேர் மறக்கிறார்கள்.

பெட்டிஷன் போய்ச் சேர்ந்ததும் புதிய வேலையில் சேரச் சட்டம் அனுமதிக்கிறது. நடைமுறையில் கம்பெனிகள் ரிசீட் வரும்வரை நிறுத்தி வைப்பார்கள். ப்ரீமியத்தில் (கூடுதல் கட்டணத்தில் விரைவுப் பரிசீலனை) போட்டால் 15 வேலை நாளில் பதில். கூடுதல் ஆதாரம் கேட்டால் அந்தக் கடிகாரம் நின்று, பதில் கொடுத்த பிறகு மறுபடி 15 நாள். மறுத்துவிட்டால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். அதற்குள் 60 நாளும் கரைந்திருக்கும். ப்ரீமியம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ‘பணம் கொடுங்கள், எச்-1பி ஃபைல் செய்து பேரோலில் வைக்கிறோம், புராஜெக்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் கன்சல்டன்சிகள் இந்த நேரத்தில்தான் தேடி வருவார்கள். வேண்டவே வேண்டாம். எச்-1பி-க்குச் சட்டப்படி கம்பெனி கட்ட வேண்டிய கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது. வேலையே இல்லாத பெட்டிஷன் என்று தெரிந்தால் அந்தக் கறை கிரீன் கார்டு வரை பின்தொடரும்.

கல்தூண்

ஐ-140 பற்றி மட்டும்.

அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிய ஐ-140-ஐக் கம்பெனி வாபஸ் வாங்கினாலும், கம்பெனியே மூடப்பட்டாலும் அந்தக் காரணத்துக்காக அது ரத்தாகாது. உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது, பயம் வேண்டாம். பிரையாரிட்டி டேட் உங்களோடு வரும். அடுத்த கம்பெனி அதே ஐ-140-ஐக் காட்டி, ஆறு வருடத்துக்கு மேலும் எச்-1பி கேட்கலாம். உங்கள் தேதி கரண்ட் ஆகாதவரை (கிரீன் கார்டு வரிசையில் முறை வராதவரை) மூன்று வருடம் வரை தருவார்கள். ஆனால் கிரீன் கார்டுக்குப் புதிய கம்பெனி பெர்மும் (ஐ-140-க்கு முன் வாங்கும் தொழிலாளர் துறைச் சான்று) ஐ-140-உம் முதலிலிருந்து போட்டாக வேண்டும். கூடவே வருவது பழைய தேதி மட்டும்தான்.

180 நாள் ஆகாதவர்கள் படித்தால் கவனியுங்கள். அதற்கு முன் வாபஸ் ஆனாலும் தேதி நிற்கும், ஆனால் அதை வைத்து ஆறு வருடத்துக்குமேல் நீட்டிக்க முடியாது. அவர்கள் எச்ஆரிடம் ‘180 நாள் வரை வாபஸ் வாங்க வேண்டாம்’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். எச்-1பி-யை வாபஸ் வாங்குவது கம்பெனியின் கடமை. ஐ-140-க்கு அந்தக் கடமை இல்லை. அதனால் கேட்டால் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள்.

ஐ-140 ஒப்புதல் நகல், ரிசீட் எண், பெர்ம் விண்ணப்பத்தில் உள்ள வேலை விவரம் மூன்றையும் எச்ஆர் தொடர்பு அறுவதற்குமுன் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் யுஎஸ்சிஐஎஸ்-இல் எஃப்ஓஐஏ (தகவல் பெறும் உரிமைச் சட்டம்) விண்ணப்பம் போட்டு உங்கள் கோப்பைக் கேட்கலாம். ஆன்லைனில் முடியும், ஆனால் பொறுமை வேண்டும்.

‘கம்பெல்லிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’ (கட்டாயச் சூழ்நிலை) இஏடி என்று ஒன்றைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஒரு வருட வேலை அனுமதி. ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும், தேதி கரண்ட் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டேட்டஸிலோ (செல்லுபடியான விசா நிலை) 60 நாளுக்குள்ளோ விண்ணப்பிக்க வேண்டும். வேலை போனது மட்டுமே போதுமான காரணம் ஆகாது. கடும் நோய், குடும்பத்துக்குப் பெரும் பாதிப்பு போன்றவற்றை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அதை வைத்து வேலை பார்த்தால் எச்-1பி ஸ்டேட்டஸ் போய்விடும். மறுபடி எச்-1பி வேண்டுமென்றால் பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியே போய்த்தான் வர வேண்டியிருக்கும். வேறு எல்லா வாசலும் அடைத்த பிறகு தட்ட வேண்டிய வாசல்.

தாழைமடல்

இருவருக்கும் மிக்க நன்றி. எண்ணும் முறை இப்போது தெளிவு. ஆனால் ஐ-94 செப்டம்பர் 30 வரை இருக்கிறதே. ஏப்ரல் கடைசியில் பி-2 போட்டுவிட்டு, ஜூனில் ஆஃபர் வந்தால் அப்போது எச்-1பி போட முடியாதா?

மணற்கேணி

போடலாம். ஆனால் அந்த ஜூன் மாதத்தில்தான் பலர் இடறி விழுகிறார்கள்.

60 நாளுக்குள் ஐ-539 போய்விட்டால், பதில் வரும்வரை அமெரிக்காவில் இருப்பது அனுமதிக்கப்பட்ட தங்கல். அது ஸ்டேட்டஸ் அல்ல. ஆன்லைனில் 420 டாலர், காகிதத்தில் 470 டாலர். மனைவியையும் மகனையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். வீட்டைக் காலி செய்ய, காரை விற்க, ஊர் திரும்ப ஏற்பாடு செய்ய என்று உண்மையான காரணத்தை எழுதி, வங்கி இருப்பையும் திரும்பும் திட்டத்தையும் இணையுங்கள். பி-2 காலத்தில் வேலை தேடவும் நேர்காணலுக்குப் போகவும் தடையில்லை என்று யுஎஸ்சிஐஎஸ் சொல்லியிருக்கிறது. வேலையில் சேர மட்டும் கூடாது.

ஜூனில் எச்-1பி பெட்டிஷன் போகும்போது உங்கள் 60 நாள் முடிந்திருக்கும். பி-2 இன்னும் பெண்டிங். இந்த நிலையில் ரிசீட்டை வைத்து வேலையில் சேர முடியாது; பெட்டிஷனும் ஸ்டேட்டஸ் மாற்றமும் அப்ரூவ் ஆக வேண்டும். அந்த மாற்றம் கிடைப்பதற்கு இடையில் உள்ள பி-2 அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். சங்கிலியில் அந்தக் கண்ணி இல்லையென்றால், பெட்டிஷனை மட்டும் ஏற்று, ‘வெளியே போய் விசாவோடு வாருங்கள்’ என்பார்கள்.

இன்னொரு பொறி: பி-2-வில் நீங்கள் கேட்ட கடைசித் தேதி, பதில் வருமுன்பே கடந்துபோகலாம். அப்படியானால் அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக்கு இன்னொரு ஐ-539 போட வேண்டும். நடுவில் நாட்டைவிட்டுப் போனால் பெண்டிங் ஸ்டேட்டஸ் மாற்றம் கைவிடப்பட்டதாகும்.

ஐ-94 செப்டம்பர் வரை இருப்பதன் பலன் வேறு. 60 நாளுக்குப்பின் எதுவும் தாக்கல் செய்யாமல் இருந்தால் ஸ்டேட்டஸ் போய்விடும். ஆனால் மூன்று வருட, பத்து வருட மறுநுழைவுத் தடைக்கு எண்ணப்படும் நாட்கள் பொதுவாக ஐ-94 முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். 180 நாளைத் தாண்டி வெளியேறினால் மூன்று வருடம், ஒரு வருடம் ஆனால் பத்து. இது சட்டவிரோதமாகத் தங்க அனுமதி அல்ல. ஒருவேளை தவறிவிட்டால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது தெரிய வேண்டுமென்று சொல்கிறேன்.

ஏரிக்கரை

மணற்கேணி சொன்ன ‘வெளியே போய் வாருங்கள்’ இப்போது முன்புபோல் இல்லை. 2025 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தான பிரகடனப்படி, செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய பெட்டிஷன்களுக்கு 1,00,000 டாலர். வெளிநாட்டில் இருக்கும், செல்லுபடியான எச்-1பி விசா கையில் இல்லாதவருக்கானது அது; 12 மாதத்துக்கு என்று போடப்பட்டது, நீட்டிக்கவும் இடமுண்டு. உள்ளே இருந்தபடியே கம்பெனி மாறி, தங்கல் நீட்டிப்பும் கிடைத்தால் அந்தத் தொகை இல்லை. ஸ்டேட்டஸ் அறுந்திருக்கிறது என்று நீட்டிப்பையோ மாற்றத்தையோ மறுத்தால், அல்லது முடிவு வருமுன் வெளியேறினால், வரும். இவ்வளவு பணம் கட்டும் கம்பெனி அரிது.

அதனால் என் கருத்து: பி-2-வை முதல் திட்டமாக வைக்காதீர்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும், உண்மையான வேலை தரும் கம்பெனி ஏப்ரலுக்குள் ஃபைல் செய்தால் அதை எடுங்கள். மாற்றுவதானால் உள்ளே இருந்தே பிறகு மாற்றலாம்.

கல்தூண்

அதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். விசா ஸ்டாம்ப் (பாஸ்போர்ட்டில் உள்ள விசா) இன்னும் செல்லுபடியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கணக்கே மாறும். பழைய கம்பெனி பெயரில் அடித்த ஸ்டாம்பாக இருந்தாலும், புதிய கம்பெனியின் ஐ-797 ஒப்புதலோடு அதே விசாவில் உள்ளே வரலாம். ஸ்டாம்ப் இருப்பவருக்கு, வெறும் பி-2 பெண்டிங்கில் மாதக்கணக்கில் உட்காருவதைவிட ஊருக்குப் போய்த் தேடுவது சுத்தமான வழி. ஐ-140 இருப்பதால் லாட்டரியும் (புதிய எச்-1பி-க்கான குலுக்கல்) தேவையில்லை, ஆறு வருட வரம்பும் தடையில்லை. ஸ்டாம்ப் முடிந்தவருக்கு ஏரிக்கரை சொல்வதே சரி.

மணற்கேணி

கடைசியாகப் பணம் சார்ந்த சில. ஊர் திரும்ப முடிவெடுத்தால், எச்-1பி காலம் முடியுமுன் கம்பெனியே நீக்கியதால் உங்கள் பயணச் செலவை அவர்கள் தர வேண்டும். உங்களுக்கு மட்டும், குடும்பத்துக்கு அல்ல. எச்ஆருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். ராஜினாமா என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். எழுதினால் அந்த உரிமை போகும்.

மருத்துவக் காப்பீடு எப்போது முடிகிறது என்று தேதியோடு கேளுங்கள். கோப்ரா (வேலை போனபின் அதே காப்பீட்டைத் தொடரும் வழி) எடுக்க முடிவுசெய்ய 60 நாள் உண்டு. முழு பிரீமியமும் 2 சதவீதமும் உங்கள் கையிலிருந்து. விலை அதிகம்தான், ஆனால் அந்த 60 நாளுக்குள் எப்போது எடுத்தாலும் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். எனவே உடனே கட்டாமல் படிவத்தைக் கையில் வைத்திருக்கலாம். 401கே-யை (ஓய்வுக்கால சேமிப்பு) அவசரப்பட்டு உடைக்க வேண்டாம்: 59½ வயதுக்குமுன் எடுத்தால் வருமான வரியோடு பொதுவாக 10 சதவீதம் அபராதமும் உண்டு.

வெளியேறினால் போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள். சில நாள் கழித்து ஐ-94 தளத்தில் மூவரின் பயண வரலாற்றையும் எடுத்து, வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எச்-1பி-க்கு வக்கீல் அதைக் கேட்பார்.