சிவப்புப் பெட்டியைத் தொட்டால் அபராதம்

தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் மதுரைக் கட்டடங்களை ஏறி இறங்குபவன் நான். புகையை உணரும் கருவி, புகை தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்கும். வயர் கருகும் வாடை அதற்கு முன்பே யாராவது ஒருவர் மூக்கில் ஏறிவிடலாம். அவர் உடனே அழுத்தி அலாரம் எழுப்புவதற்காகத்தான் வாசலருகிலும் மாடிப்படித் திருப்பத்திலும், தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் அந்தச் சிவப்புப் பெட்டி. மாட்டிய பிறகு அது படும் பாடு இருக்கிறதே!

மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடை. ஆடித் தள்ளுபடி நேரம். இரண்டாம் மாடியில் வரைபடத்தில் பெட்டி இருக்கிறது, சுவரில் காணோம். பட்டுப்புடவை கட்டிய பொம்மையை நகர்த்தினால், அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை: "தொட்டால் சம்பளத்தில் பிடிக்கப்படும்."

அங்கே நின்ற விற்பனைப் பெண்ணிடம், "தீப்பிடித்தால் என்னம்மா செய்வாய்?" என்று கேட்டேன்.

"மேனேஜர் அண்ணனைக் கூப்பிடுவேன் சார்."

மேனேஜர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

முதலாளிக்கும் ஒரு நியாயம் இருந்தது. முன்பு ஏதோ ஒரு வாண்டு அழுத்திவிட, கூட்டம் முழுவதும் பில் போடாமல் இறங்கி ஓடிவிட்டதாம். அதற்குத்தான் தூக்கித் திறக்கும் ஒளிபுகும் மூடி விற்கிறது, விலையும் அதிகமில்லை. பேச்சுவாக்கில் 2020 தீபாவளிச் சமயத்தில் விளக்குத்தூண் அருகே ஜவுளிக் கடையில் பற்றிய தீயை அவரே நினைவுகூர்ந்தார். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து இறந்தார்கள். மூடி போடச் சம்மதித்தார். பொம்மையும் இடம் மாறியது. அட்டையைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. வேலையாட்களை மிரட்டி வைக்கும் கடையில் எவ்வளவு உயர்ந்த கருவி மாட்டினாலும் தண்டம் என்பது என் கட்சி.

ஒரு மருத்துவமனையில் வேறு கூத்து. மின்பூட்டுக் கதவைத் திறக்கப் பச்சைப் பெட்டி, அலாரத்துக்குச் சிவப்பு, இரண்டும் அருகருகே. நோயாளிக்குத் துணையிருந்த பெரியவர் டீ வாங்க வெளியே போகச் சிவப்பை அழுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேலே தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பெரியார் பேருந்து நிலையம் அருகே ஒரு லாட்ஜில்தான். அழுத்திய பெட்டி அழுத்தியபடியேதான் நிற்கும். கண்ணாடி உடையும் வகை என்றால் புதுக் கண்ணாடி போட வேண்டும், மற்ற வகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சாவி. அதைச் செய்யாமல், அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனலில் மட்டும் ரீசெட் செய்தால் மறுபடி அலறும். இது தெரியாத இரவுக் காவலர், தொல்லை தாங்காமல் அந்த மாடியின் இணைப்பையே நிறுத்தி வைத்திருந்தார். இணைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அறைகளில் ஆட்கள் தூங்குகிறார்கள்!

"சாவி எங்கே அண்ணே?" என்றேன்.

"முதலாளி வீட்டு பீரோவில் இருக்கிறது தம்பி."

என் பையிலிருந்த உபரிச் சாவியைப் பேனல் கதவின் உட்புறம் கட்டித் தொங்கவிட்டு, போடும் விதத்தை அவர் கையாலேயே செய்ய வைத்துவிட்டு வந்தேன்.