பிஸ்டன் பின்: பிரஸ் ஃபிட்டா, ஃபுல் ஃப்ளோட்டிங்கா?

கேள்வி:
வணக்கம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை முழுவதுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அதில் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின்கள், ராடில் இறுக்கிப் பொருத்தப்படும் பிரஸ் ஃபிட் வகை. சிலிண்டரை போர் செய்து (குடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டியிருப்பதால், இதே வேலையோடு பின் எதிலும் இறுகாமல் சுழலும் ஃபுல் ஃப்ளோட்டிங் முறைக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். வண்டி அன்றாட ஓட்டத்துக்கு மட்டுமே. ஃப்ளோட்டிங் முறைதான் எப்போதும் மேலானது என்கிறார்கள். இந்த எஞ்சினுக்கும் அது பொருந்துமா?

மறுமொழி 1:
அன்றாட ஓட்டத்துக்கு என்றால் பிரஸ் ஃபிட் முறையிலேயே இருங்கள் என்பது என் உறுதியான கருத்து. பின்னின் விட்டத்தைவிட கனெக்டிங் ராடின் சிறு முனைத் துளை ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு சிறியதாக இருப்பதால், பின் ராடில் இறுகி நின்று, பிஸ்டனின் துளைகளில் மட்டும் அசைகிறது. ராடின் துளைக்குள் இறக்கும் உலோகக் குழலான புஷ் இல்லை, பின் பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் லாக் இல்லை. ஆகவே தேய்வதற்கும் கழன்று விழுவதற்கும் அங்கே எதுவும் இல்லை. இந்த அமைப்போடு நெடுங்காலம் ஓடிய எஞ்சின்கள் ஏராளம்.

கவனம் தேவைப்படுவது கோர்க்கும்போதுதான். ராடின் சிறு முனையை ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பின்னை ஒரே வீச்சில் உரிய இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். பாதி வழியில் தயங்கினால், ராடின் சூடு பின்னுக்கு ஏறி, சில நொடிகளில் பின் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிறகு அதைப் பிரஸ்ஸில் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும், அதில் புதுப் பிஸ்டன் கோணிப்போக வாய்ப்பு அதிகம். பின் எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு முன்கூட்டியே ஒரு ஸ்டாப்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஃப்ளோட்டிங் முறைக்கு உரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். பின் ராடிலும் பிஸ்டனிலும் தடையின்றிச் சுழல்வதால் தேய்மானம் சுற்றிலும் பரவுகிறது. பிஸ்டனைச் சேதமின்றிக் கையாலேயே கழற்றிவிடலாம். அடிக்கடி பிரிக்கப்படும் பந்தய எஞ்சினுக்கும், மிகுந்த அழுத்தம் தாங்கும் டீசல் எஞ்சினுக்கும் அதுவே ஏற்றது.

அதன் பலவீனம் சர்க்கிளிப், அதாவது பின்னின் இரு முனைகளிலும் பிஸ்டனின் காடியில் உட்காரும் லாக். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 200 முறை திசை மாறுகிறது; வளையக் கம்பி லாக்கின் வாய் (இரு நுனிகளுக்கு இடையிலான திறப்பு) பக்கவாட்டில் இருந்தால் அந்த உதறலில் அது சுருங்கிக் காடியைவிட்டு வெளியேறக்கூடும். எனவே வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்கட்டும். ஒருமுறை கழற்றிய லாக்கை மறுபடி போடவே கூடாது. ராடு சிறிதளவு வளைந்திருந்தாலும் பின் ஒரே பக்கமாக நகர்ந்து லாக்கை இடைவிடாமல் இடிக்கும். லாக் தெறித்தால் சிலிண்டர் சுவரில் விழும் ஆழமான கீறலை ஹோனிங்கால் (சாணைக் கல்லால் நுண்ணிதாகத் தேய்ப்பதால்) போக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எனக்குக் கிடைத்திருக்கும் புதுப் பிஸ்டன்களில் லாக் காடிகள் இருக்கின்றன. பழைய ராடில் துளையைப் பெரிதாக்கி புஷ் இறக்கலாமா?

மறுமொழி 2:
செய்யலாம், ஆனால் எல்லா ராடிலும் இயலாது. புஷ்ஷுக்காகக் குடையும்போது சிறு முனையின் சுவர் மெலிகிறது. முன்பே மெல்லியதாக இருக்கும் ராடில் அது ஆபத்து. சுவரில் போதிய தடிப்பு இருந்தாலும், எண்ணெய் இறங்க மேலே துளையிட்டு, வெண்கல புஷ்ஷைப் பின்னுக்கு ஏற்றபடி ஹோன் செய்து, நான்கு ராடுகளின் மைய நீளமும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காடி இருப்பதற்காக மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை: பின்னின் விட்டமும் நீளமும் பழையதோடு ஒத்திருந்தால், காடிகளை வெறுமனே விட்டு, அதே பிஸ்டனை பிரஸ் ஃபிட் முறையில் கோர்க்கலாம். முதலில் நான்கு ராடுகளிலும் வளைவு, முறுக்கு, சிறு முனைத் துளை மூன்றையும் அளந்து பாருங்கள். துளை தளர்ந்து பின்னை இறுகப் பிடிக்காத ராடு ஏதேனும் இருந்தால், அந்த ராடை மாற்றிவிடுங்கள்.