ஃபியூஸ் மாற்றியபின் அட்மெகா328பி பேசவே இல்லை

கேள்வி:
வணக்கம். ப்ரெட்போர்டில் அட்மெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப், அதற்கு க்ளாக் தர 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர். முதல்முறை புரோகிராம் சரியாக ஏறியது. கிரிஸ்டலுக்கு மாற்ற லோ ஃபியூஸை (க்ளாக் எங்கிருந்து வரும் என்பதைச் சிப்பில் பதிக்கும் அமைப்பு) ஹெக்ஸில் 60 என எழுதினேன், அப்புறம் சிக்னேச்சரைக்கூட, அதாவது சிப்பின் அடையாள எண்ணைக்கூடப் படிக்க முடியவில்லை. சிப் போய்விட்டதா?

பதில் 1:
போகவில்லை தம்பி, பயப்படாதீர்கள். 60 என்றால் கிரிஸ்டல் இல்லை, வெளியிலிருந்து சதுர அலை வரும் என்று சிப்புக்குச் சொல்லிவிட்டீர்கள், அதனால் கிரிஸ்டலை ஓட்டும் உள் ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிட்டது, க்ளாக் இல்லாமல் ஐஎஸ்பி (புரோகிராமர் சிப்போடு பேசும் வழி) பேசாது. ஒரு அர்டுயினோ ஊனோவில் டைமர்1 மூலம் 9ஆம் பின்னில் 8 மெகாஹெர்ட்ஸ் எடுத்து, கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, சிப்பின் 9ஆம் காலில் கொடுங்கள். இரண்டு போர்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கேட்டவர்:
கொடுத்தேன் அண்ணா, இன்னும் அதே பிழைதான்.

பதில் 2:
60இல் எட்டால் வகுக்கும் பிட்டும் இயங்குகிறது, ஆக சிப் ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். ஐஎஸ்பி க்ளாக் அதில் கால்பங்குக்குக் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும், யூஎஸ்பிஏஎஸ்பி வழக்கமாக 375இல் ஓடும். சிப்பில் எழுதும் மென்பொருளான ஏவிஆர்டியூடில் -B 10 (பெரிய எழுத்து B) போட்டு வேகத்தைக் குறையுங்கள். யூஎஸ்பிஏஎஸ்பியின் பழைய ஃபர்ம்வேர் அதை மதிக்காது, அப்போது அதன் போர்டில் வேகத்தைக் குறைக்கும் ஜேபி3 ஜம்பரைப் போடுங்கள்.

கேட்டவர்:
ஜம்பர் போட்டதும் சிக்னேச்சர் வந்துவிட்டது! லோ ஃபியூஸை எஃப்எஃப் ஆக்கி, கிரிஸ்டலோடு 22 பிகோஃபேரட் கெபாசிட்டர் இரண்டும் வைத்தேன், ஓடுகிறது. இரண்டு அண்ணன்களுக்கும் மிக்க நன்றி.