ஃபயர் கொன்ட்ரோல் ரூமுகளை ஒண்டாக்கினால் ஆக்கள் காணுமோ?

கொக்குவிலான்

வணக்கம். கொஞ்சம் நீட்டாத்தான் எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. என்ர அக்கான்ர மகள் இங்கிலாந்தில ஃபயர் சேவிஸ் கொன்ட்ரோல் ரூமில வேலை, ஒன்பது வருசமா 999 கோல் எடுக்கிறாள். இப்ப அவையின்ர ரூமையும் பக்கத்து ரெண்டு கவுண்டி ரூமையும் சேத்து ஒரே இடத்தில வைக்கப்போறமெண்டு லெட்டர் வந்திருக்காம். புது இடம் வீட்டில இருந்து ஒண்டேகால் மணித்தியால ஓட்டம், அதுவும் நைட் சிஃப்ட் முடிச்சிட்டு நித்திரைக் கண்ணோட ஓடி வரவேணும், வீட்டில ரெண்டு சின்னனுகள். "மாமா என்ன செய்ய?" எண்டு என்னட்டக் கேக்கிறாள். நான் கச்சேரியில கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்த ஆள், எனக்கு நெருப்பைப் பற்றித் தெரிஞ்சதெல்லாம் வெய்யில் காலத்தில வடலிக்காணி எரியிறது மட்டும்தான்.

அவளுக்குத் தன்ர வேலை மட்டும் பயமில்லை. இப்ப இரவில ரூமுக்கு நாலு பேர், மூண்டு ரூமுக்கும் பன்னிரண்டு. புது இடத்தில ஏழு பேர் காணுமாம், மிச்சத்தை சிஸ்டம் பாக்குமாம். ஆக்களைக் குறைச்சால் நெருப்பும் குறையுமோ? அங்க வேலை செய்தவை ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. எங்கட வட மாகாணத்துக்கும் இப்பிடி ஒரு ரூம் போட்டால் நல்லமோ எண்டும் ஒரு யோசினை.

கிறீன் வொச்

அண்ணை, நான் அங்க பதினாலு வருசம் கொன்ட்ரோலில இருந்தனான், இப்ப நல்லூரடியில அம்மாவோட. உங்கட மருமகள் சொல்லுறதெல்லாம் நான் கண்ணால கண்டது.

ஒரு கதிரையில எந்நேரமும் ஒராள் இருக்கவேணுமெண்டால் கிழமைக்கு 168 மணித்தியாலம். அங்க ஒராளுக்குக் கிழமைக்கு 42, அதாலதான் ரெட், வைட், புளூ, கிறீன் எண்டு நாலு வொச் (சிஃப்ட் குழு), ரெண்டு பகல் ரெண்டு இரவு, பிறகு நாலு நாள் லீவு. ஆனா கதிரைக்கு நாலு பேர் காணுமெண்டது ஒருத்தருக்கும் காய்ச்சல் வராத, ஒருத்தியும் பிள்ளை பெறாத, ஒருத்தரும் ட்ரெய்னிங் போகாத உலகத்திலதான். உண்மையில அஞ்சுக்கு மேல வேணும். அப்ப ஒரு கதிரையைத் தூக்கினால் அஞ்சு சம்பளம் மிச்சம், பிளான் போடுறவைக்கு வாயூறுறது அதிலதான்.

அதுக்கு அவை காட்டுறது சராசரி, வருசத்துக்கு இத்தினை கோல், ஒரு கோலுக்கு இத்தினை நிமிசம். சராசரி இரவில நாங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சும்மாதான் இருப்பம், பொய் சொல்லேல்லை. ஒருக்கா ஒரு மனுசி புகை நிறைஞ்ச ஃபிளாட்டுக்குள்ள நிண்டு அடிச்சவ, இருபது நிமிசம் அவவோட லைனில இருந்தனான். கதவுக்குக் கீழ ஈரத் துவாயை அடையுங்கோ, யன்னலடிக்குப் போங்கோ, நிலத்தோட படுங்கோ, என்னோட கதைச்சுக்கொண்டே இருங்கோ. கடைசியில ஹெல்மெட் போட்ட ஒருத்தன்ர குரல் போனில கேட்டுது, அப்பதான் என்ர கை நடுங்கத் தொடங்கினது. அந்த இருபது நிமிசமும் என்ர கதிரை வெறுங்கதிரை. அதே நெருப்புக்கு றோட்டால போறவன் வாறவன் எல்லாம் அடிக்கிறான், இன்னொராள் ரேடியோவில வண்டியளோட, மிச்சம் ரெண்டு பேர். நீங்கள் சொன்ன ஏழு பேரில சுப்பவைசரும் சேத்தியோ எண்டு அவவை முதல் கேக்கச் சொல்லுங்கோ.

பிளானில எழுதாத இன்னொண்டும் இருக்கு. புது ரூம் திறக்க வருசக்கணக்காகும், ஆனா லெட்டர் வந்த அடுத்த மாசமே ஆக்கள் வேற வேலை தேடத் தொடங்கிவிடுவினம், முதல் போறது கெட்டிக்காரர்தான் ஏனெண்டால் அவைக்குத்தான் வெளியில கிடைக்கும். மூடப்போற ரூமுக்குப் புதுசா ஆர் வருவினம்? மிஞ்சினவை ஓவர்டைமில பழைய ரூமை ஓட்டவும் வேணும், புது சிஸ்டம் படிக்கவும் வேணும். எங்கட வொச் ஏழில இருந்து நாலாகேக்க புது இடத்துக்கு அத்திவாரமும் வெட்டேல்லை.

அங்க முந்தி ஒருக்கா பெருசாவே செய்து பாத்தவை. ஃபயர்கொன்ட்ரோல் எண்டு 2004 இல தொடங்கி, இங்கிலாந்தில இருந்த 46 ரூமையும் ஒன்பதாக்கிறது பிளான். கொம்பியூட்டர் சிஸ்டம் வந்து சேரவேயில்லை, 2010 மார்கழியில கைவிட்டாச்சு. அங்கத்தைய தேசிய கணக்காய்வு அலுவலகம் 2011 இல சொன்ன கணக்குப்படி குறைஞ்சது 469 மில்லியன் பவுண் தண்ணி. கட்டடங்கள் சும்மா கிடக்க வாடகை ஓடினது.

சுன்னாகச்சந்தி

அக்கா சொல்லுறது சரி, ஆனா சின்ன ரூமை ஏதோ சொர்க்கம் மாதிரிக் கதைக்கக்கூடாது. இரவில ரெண்டு பேர் இருக்கிற ரூமில ஒராள் பாத்ரூம் போனால் மற்றாள் தனிய. எங்கட 1990 அம்புலன்ஸ் சேவிசைப் பாருங்கோ, 2016 இல இந்தியான்ர உதவியோட மேல், தென் மாகாணத்தில தொடங்கி 2018 ஆடியில வடக்குக்கு வந்தது, கோல் எடுக்கிறது ராஜகிரியவில. அப்பாவுக்கு நெஞ்சு நோ எண்டு விடிய மூண்டு மணிக்கு அடிச்சனான், தமிழிலயே கதைச்சவை, வண்டி வந்தது. அம்புலன்சுக்குச் சரிவாறது நெருப்புக்கு ஏன் சரிவராது?

ஆனைப்பந்தி

தம்பி, வருத்தக்காரன் தன்ர வீட்டில இருந்து அடிப்பான், விலாசம் தெரியும். நெருப்புக்கு அடிக்கிறவன் பாதிப்பேர் றோட்டால போறவன், ஆற்ற காணி எண்டே தெரியாது.

நான் இங்க ஒரு இடத்தில (எங்கயெண்டு கேக்காதேங்கோ) இப்பிடி கோல் எடுத்த ஆள். ஒரு நாள் ஒரு பெடியன் மூச்சிரைக்க "ஆனை...யில எரியுது, மில்லடி, கெதியா வாங்கோ" எண்டான், கட். ஆனைப்பந்தியோ, ஆனைக்கோட்டையோ, ஆனையிறவோ? யாழ்ப்பாணம் டவுனுக்கும் ஆனையிறவுக்கும் நடுவில ஒரு மணித்தியால ஓட்டம். பக்கத்தில இருந்த வயசான அண்ணை தலையை நிமித்தாமலே "மில்லடியோ, அந்த மில்லை உடைச்சு இருவது வருசமாச்சு, இப்ப அதில கல்யாண மண்டபம்" எண்டு ஒழுங்கையையும் சொன்னார். மப்பில மண்டபம்தான் இருக்கு, சனத்தின்ர வாயில இன்னும் மில்லடி. அந்த மனுசன் பென்சன் எடுத்த அண்டைக்கே எங்கட மப்பில பாதி போட்டுது.

இங்க ஃபயர் பெரும்பாலும் மாநகரசபை, நகரசபை எண்டு ஒவ்வொரு சபையின்ர கையில. அஞ்சு மாவட்டத்துக்கும் ஒரு ரூம் எண்டால் நான் எதிரில்லை, ஒவ்வொரு மாவட்டத்திலயும் பிறந்து வளந்த ஒராள் ஒவ்வொரு சிஃப்டிலயும் இருக்கவேணும், அவ்வளவுதான். நெடுந்தீவுக்கு எந்த ரூமும் உதவாது, வண்டியைக் குறிகட்டுவானில நிப்பாட்டிப்போட்டுக் கடலைப் பாக்கவேண்டியதுதான் 😀

கிறீன் வொச்

சுன்னாகத்துத் தம்பி, நானும் ஒண்டாக்கிறதுக்கு எதிரில்லை. மூண்டு ரூம் ஆக்களையும் அப்பிடியே ஒரு இடத்தில இருத்தினால் அது பழைய மூண்டு ரூமையும் விட நல்ல ரூம். ஆனா காசு மிச்சம் பிடிக்கத்தானே ஒண்டாக்கிறாங்கள், எங்க அப்பிடி இருத்துறது?

வாரிங்டனில 2014 இல திறந்த வடமேற்கு ரூம் மான்செஸ்டர், லங்கஷயர், செஷயர், கம்பிரியா நாலுக்கும் சேத்து. 2017 மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்பில சத்தம் கேக்கிற தூரத்தில நிண்ட வண்டியளைக் கூட வேற ஸ்டேசனுக்கு அனுப்பி, சம்பவ இடத்துக்கு வர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல. அது ரூமின்ர பிழை மட்டுமில்லை, ஒபிசர்மாரின்ர முடிவும் இருக்கு, ஆனா ரூமுக்குத் தெரிஞ்ச தகவல் எல்லாம் போகவேண்டிய ஆளுக்குப் போகேல்லை எண்டு விசாரணையில வந்தது. அதே வருசம் லண்டனில கிரென்ஃபெல் மாடிக்கட்டடம் எரிஞ்ச இரவில லண்டன் ரூம் நிரம்பி கோலுகள் வேற ஊர் ரூமுகளுக்குப் போனது, அங்க எடுத்தவைக்கு அந்தக் கட்டடத்தில என்ன நடக்குதெண்டே சரியாத் தெரியாது. ரெண்டையும் வாசிச்சுப்போட்டு அவையவை தங்கட பக்கத்துக்கு வாதாடலாம்.

ஊரெழு–கொவென்றி

கொக்குவில் அண்ணை, உங்கட மருமகளுக்கு ஒரு விசயம், நான் அங்க எச்ஆரில வேலை. அவசரப்பட்டு ரிசைன் பண்ண வேண்டாமெண்டு சொல்லுங்கோ. வேலை புது முதலாளிக்கு மாறினால் டியூப்பே சட்டத்தில அவவின்ர சம்பளமும் சேவிஸ் காலமும் அப்பிடியே போகும். பழைய இடத்தை மூடுறது சட்டப்படி ரிடண்டன்சிக்கு (வேலையே இல்லாமல் போய் ஆளை நிப்பாட்டுறதுக்கு) ஒரு காரணம்தான், ரெண்டு வருச சேவிஸ் இருந்தால் காசுக்கு உரிமை உண்டு, தானா விட்டுட்டுப் போனால் அது இல்லை. பதிலுக்கு வேற வேலை தந்தால் நாலு கிழமை ட்ரையலும் கேக்கலாம். கொன்ட்ராக்டில "எங்கயும் மாத்தலாம்" எண்டு வரி இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, எல்லாம் அதில தொங்கும். யூனியன்ல இருக்கிறாவோ?

கொக்குவிலான்

எல்லாருக்கும் பெரிய நன்றி. முழுக்க ஸ்கிறீன்சொட் எடுத்து அனுப்பினன், டியூட்டியில இருந்தும் உடன பதில் போட்டாள். யூனியன்ல இருக்கிறாளாம். கொன்ட்ராக்டை லாச்சியில தேடவேணுமாம். சுப்பவைசர் கேள்வியை மேல கேட்டவளாம், "அது இன்னும் முடிவாகேல்லை" எண்டு பதிலாம். வியாழக்கிழமை கூட்டமிருக்கு, எல்லாருக்கும் முன்னால எழும்பித் திரும்பக் கேக்கப்போறாளாம். என்ன சொல்லினமெண்டு வந்து எழுதுறன்.